தம்பி செல்லாது, பெரியம்மா செல்லும்

ஒரு வழக்கில் மாட்டிய தம்பியை என் மாநிலத்துக்கு மாற்றக் கேட்கும் படிவம் அது. அதில் அந்தக் கட்டம் ரொம்பச் சிறியது. 'ரிலேஷன்ஷிப்' என்று போட்டு, பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு. டெக்சாஸிலிருந்து ப்ரொபேஷன் ஆபீசர் போனில் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. "சிஸ்டர்" என்றேன். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். அந்த ஒரு சொல் எங்களுக்கு எட்டு மாதத்தைத் தின்றுவிட்டது.

அவன் என் சித்தி மகன். அம்மாவின் கூடப்பிறந்த தங்கை பிள்ளை. திருநெல்வேலியில் ஒரே வளவில் அடுத்தடுத்த வீடு. எனக்கும் அவனுக்கும் ஒன்பது வயது வித்தியாசம் என்பதால் பாதி நேரம் என் இடுப்பில்தான் கிடந்தான். பள்ளிக்கூடத்தில் அவனைச் சேர்க்கப் போனபோது "இது யாரு?" என்று கேட்ட டீச்சரிடம் "எங்க அக்கா" என்றுதான் சொன்னான். 'கஸின்' என்ற சொல் எங்கள் வீட்டில் யார் வாயிலும் வந்ததில்லை. அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தம்பி என்றே எழுதுகிறேன்.

நடந்ததை முதலில் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2021 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை இரவு, டாலஸ் பக்கத்தில், நண்பன் வீட்டில் குடித்துவிட்டுத் தானே காரை ஓட்டிக்கொண்டு கிளம்பினான். சிக்னலில் திரும்பிக்கொண்டிருந்த இன்னொரு காரின் பக்கவாட்டில் போய் இடித்தான். அதை ஓட்டியவருக்குத் தொடையெலும்பு முறிந்தது. நான்கு மாதம் அவரால் நடக்க முடியவில்லை. டெக்சாஸில் இதற்கு 'இன்டாக்ஸிகேஷன் அசால்ட்' என்று பெயர். ஃபெலனி, அதாவது பெருங்குற்றம், 2 முதல் 10 வருடம் வரை சிறை. இவனுக்கு முந்தைய வழக்கு எதுவும் இல்லை. குற்றத்தை ஒத்துக்கொண்டான். நீதிபதி சிறைத்தண்டனையை நிறுத்திவைத்து எட்டு வருட ப்ரொபேஷன் கொடுத்தார், அதாவது வெளியே இருந்தபடி ஓர் ஆபீசரின் கண்காணிப்பு. நிபந்தனையாக 30 நாள் கவுண்ட்டி ஜெயில். அப்புறம் காரில் ஊதினால்தான் ஸ்டார்ட் ஆகும் கருவி, வகுப்புகள், சமூக சேவை, அடிபட்டவருக்கு மாதாமாதம் இழப்பீடு. குடி அறவே கூடாது. அது எட்டு வருடத்துக்கும்.

2022 ஆகஸ்டில் அவன் ஜெயிலிலிருந்து வந்தபோது வேலை போயிருந்தது, லைசென்ஸ் முடக்கப்பட்டிருந்தது. டாலஸ் புறநகரில் கார் இல்லாமல் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பால் வாங்க நடந்துபோனால்கூடப் பரிதாபப்பட்டு யாராவது வண்டியை நிறுத்துவார்கள். சித்தி 2020-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். சித்தப்பாவுக்கு ஊரில் வயது எழுபத்தைந்து. நான் நார்த் கரோலினாவில், கேரி என்ற ஊரில் இருக்கிறேன். வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. "கிளம்பி வாடா, பார்த்துக்கலாம்" என்றேன்.

"அப்படியெல்லாம் வர முடியாதாம்க்கா" என்றான்.

எனக்குப் புரியவில்லை. இரண்டுமே அமெரிக்காதான். டாலஸிலிருந்து இங்கே சாலை வழியாக சுமார் 1,200 மைல், விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குள். ஆனால் ப்ரொபேஷனில் இருப்பவனுக்கு மாநில எல்லை வேறு நாட்டு எல்லை மாதிரி. அவன் டெக்சாஸ் நீதிமன்றத்தின் ஆள். அவனை நார்த் கரோலினாவில் கண்காணிக்க வேண்டுமென்றால் நார்த் கரோலினா ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கென்று மாநிலங்களுக்கிடையே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. எல்லோரும் சுருக்கமாகக் காம்பாக்ட் என்பார்கள். அனுப்பும் மாநிலம், ஏற்கும் மாநிலம் என்று அதில் இரண்டு கட்சி. 50 மாநிலங்களும் வாஷிங்டன் டி.சி.யும் பியூர்ட்டோ ரிக்கோவும் வர்ஜின் தீவுகளும் இதில் சேர்ந்தவை. பரோலில் வெளியே வந்தவர்களுக்கும் இதே ஏற்பாடுதான். ஃபெடரல் வழக்கு என்றால் மட்டும் இது இல்லை, அது தனி உலகம்.

இதில் ஒரு வேடிக்கை. முதல் தடவை பிடிபட்ட, யாருக்கும் அடிபடாத சாதாரண டி.டபிள்யூ.ஐ வழக்கு, அதாவது குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு, இந்தக் காம்பாக்ட்டுக்குள்ளேயே வராது. இரண்டாவது தடவை என்றாலோ, யாருக்காவது காயம் என்றாலோ, துப்பாக்கி சம்பந்தப்பட்டிருந்தாலோ, இப்படிச் சில வகைகளில்தான் சிறு குற்றங்கள் உள்ளே வரும். அதிலும் ஒரு வருடமாவது கண்காணிப்பு விதித்திருக்க வேண்டும். ஃபெலனி என்றால் இந்தப் பேச்சே இல்லை, நேராக உள்ளேதான். தம்பி விஷயத்தில் நாங்கள் யோசிக்கவே இடமில்லை.

விண்ணப்பத்தை அவன் போட முடியாது, நான் போட முடியாது. அவனுடைய ப்ரொபேஷன் ஆபீசர்தான் போட வேண்டும். அவர் கம்ப்யூட்டரில் ஏற்றினால் அது டெக்சாஸின் காம்பாக்ட் அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து நார்த் கரோலினாவின் காம்பாக்ட் அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து எங்கள் ஊர் ஆபீசர் மேஜைக்கு வரும். நான் விவரம் தெரியாமல் மாநில அலுவலகத்துக்கு நேராகப் போன் செய்தேன். "உங்களிடம் பேச முடியாது, அவரை அவருடைய ஆபீசரிடம் கேட்கச் சொல்லுங்கள்" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் அதே வாக்கியம்.

டெக்சாஸ் ஆபீசருக்கு நூறு பேருக்கு மேல் தலையில் இருந்திருக்க வேண்டும். எப்போது கூப்பிட்டாலும் பின்னால் இன்னொரு போன் அடிக்கும். செப்டம்பர் கடைசியில் ஒருவழியாக விண்ணப்பத்தை ஏற்றினார். வந்து சேர்ந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் ஏற்கும் மாநிலம் விசாரித்துப் பதில் சொல்ல வேண்டும். காலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன்.

அக்டோபரில் எங்கள் ஊர் ஆபீசர் வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயதுக்காரர், நிதானமானவர். அறையைப் பார்த்தார். துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டார். அப்புறம் என்னிடம் ஒரு கேள்வி.

"உங்கள் இருவருக்கும் ஒரே பெற்றோரா?"

இல்லை, அவனுடைய அம்மாவும் என் அம்மாவும் அக்கா தங்கை என்றேன். அவர் பேனாவை மூடினார். "அப்படியென்றால் நீங்கள் கஸின்" என்றார்.

நான் விளக்க ஆரம்பித்தேன். எங்கள் மொழியில் அம்மாவின் தங்கை பிள்ளையும் தம்பிதான், அத்தை பிள்ளைதான் வேறு, அவனைக் கட்டிக்கொள்ளக்கூடச் செய்வார்கள், ஆனால் சித்தி பிள்ளை அப்படி இல்லை, கூடப்பிறந்தவன் மாதிரி... பாதியில் நிறுத்திவிட்டேன். அத்தை மகன் கல்யாணம் எல்லாம் ப்ரொபேஷன் ஆபீசரிடம் பேசும் விஷயம் இல்லை என்று கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்களைப் பொய் சொன்னதாக எழுத மாட்டேன்" என்றார். அதற்கு இன்றுவரை அவருக்கு நன்றி.

நவம்பர் 4-ஆம் தேதி நிராகரிப்பு வந்தது.

தம்பி அன்று பேசவே இல்லை. எனக்கு ஒரு பைத்தியக்கார யோசனை வந்தது. சும்மா வந்து இருந்துவிடட்டும், அங்கே மாதம் ஒருமுறை தலைகாட்டினால் போதாதா என்று. என் கணவர்தான் தடுத்தார். நல்லவேளை. வேறு மாநிலத்தில் தொடர்ந்து 45 நாளுக்கு மேல் இருந்தாலே குடிபெயர்ந்ததாகக் கணக்கு. அதற்குள் என்றாலும் டெக்சாஸ் கொடுக்கும் பயண அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லையைத் தாண்டியிருந்தால் அதுவே நிபந்தனை மீறல். எட்டு வருட ப்ரொபேஷன் ரத்தாகி, நிறுத்திவைத்த சிறை உயிர்பெற்றிருக்கும்.

டிசம்பரில் ஒரு ராத்திரி, தூக்கம் வராமல், விதிப்புத்தகத்தையே படிப்பதென்று உட்கார்ந்தேன். காம்பாக்ட்டை நடத்தும் கமிஷனின் விதிகளை இணையத்தில் யாரும் படிக்கலாம். முதல் விதி, 1.101, முழுக்க வரையறைகள். யார் கண்டிப்பாக ஏற்கப்பட வேண்டியவர் என்பதற்கு விதி 3.101. கண்காணிப்பில் இன்னும் 90 நாளுக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும், நிபந்தனைகளை ஒழுங்காகக் கடைப்பிடித்து வர வேண்டும், ஏற்கும் மாநிலத்தில் ஏற்கெனவே குடியிருந்தவராக இருக்க வேண்டும். குடியிருந்தவர் இல்லையென்றால் அங்கே உதவ முன்வரும் குடும்பம் இருக்க வேண்டும், கூடவே வேலை கிடைக்கும் வாய்ப்போ பிழைக்க வழியோ இருக்க வேண்டும். இவை சரியாக இருந்தால் அந்த மாநிலம் மறுக்க முடியாது. இல்லாவிட்டால் அவர்கள் மனசு வைத்தால்தான் உண்டு.

குடும்பம் என்றால் யார் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். அம்மா அப்பா, தாத்தா பாட்டி, 'ஆன்ட்', 'அங்கிள்', வயது வந்த பிள்ளை, வயது வந்த உடன்பிறப்பு, கணவன் மனைவி, சட்டப்படியான காப்பாளர், மாற்றாந்தாய் மாற்றாந்தகப்பன். அவ்வளவுதான். கஸின் இல்லை. மைத்துனனும் இல்லை, மாமனார் மாமியாரும் இல்லை. நம் ஊரில் ஒரு சிக்கல் என்றால் முதலில் ஓடிவருகிற மச்சான் இந்தப் பட்டியலில் எங்குமே கிடையாது.

திரும்ப ஒருமுறை வாசித்தேன். ஆன்ட்.

எனக்கு அடுத்த அறையில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். தம்பியின் பெரியம்மா.

அம்மாவிடம் 2018 முதல் கிரீன் கார்டு இருக்கிறது. பாளையங்கோட்டைக்கும் இங்கேயுமாகப் போய்வந்துகொண்டிருந்தார். அந்தத் தடவை வந்து இறங்கியது 2022 நவம்பர் 12. நிராகரிப்பு வந்து சரியாக எட்டு நாள் கழித்து. விதியில் அடுத்த வரி: அந்த உறவினர், விண்ணப்பிக்கும் தேதிக்கு முன் 180 நாளாவது அந்த மாநிலத்தில் வசித்திருக்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த தினசரிக் காலண்டரை எடுத்து விரல்விட்டு எண்ணினேன். 2023 மே 11.

தம்பியின் வக்கீலிடம் சொன்னேன். "ஆம், ஆன்ட் செல்லும்" என்கிற மாதிரி சாவகாசமாகச் சொன்னார். இதை அக்டோபரிலேயே சொல்லியிருந்தால் அம்மாவைச் சில வாரம் முன்னாலேயே டிக்கெட் போட்டு அழைத்து வந்திருப்பேன். மணிக்கு இத்தனை டாலர் என்று வாங்குகிறவர் சொல்லவில்லை, கவுண்ட்டி ஆபீசர் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்வது யாருடைய வேலையும் இல்லை போல. நடுவில் ஊருக்குப் போய் வந்தால் கணக்கு என்னாகும் என்று கேட்டதற்கு, "வம்பு எதற்கு, இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

சொல்வதற்குச் சுலபம். பிப்ரவரியில் மதுரையில் என் தாய்மாமா பேத்திக்குக் கல்யாணம். அம்மாவுக்கு அண்ணன் வீட்டுக் கல்யாணம். பட்டுப்புடவை எடுத்து வைத்திருந்தார், டிக்கெட்டும் போட்டாயிற்று. நான் விஷயத்தைச் சொன்னபோது கொஞ்ச நேரம் காய் நறுக்கிக்கொண்டே இருந்தார். அப்புறம், "நூத்தியெம்பதுன்னா அது என்ன மண்டல விரதமா? அதுவே நாப்பத்தெட்டுதானே" என்றார். டிக்கெட்டை ரத்து செய்தோம். கல்யாணத்தை வாட்ஸாப் வீடியோவில், இங்கே ராத்திரி நேரத்தில், அந்தப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். மாமாவிடம் காரணம் சொல்லவில்லை. முட்டி வலி என்று சொல்லியிருக்கிறார். மாமா இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்.

அந்தக் குளிர்காலத்தில் இன்னொரு பயம். ஜனவரியில் தம்பி கூப்பிட்ட டாக்ஸி வராமல் ஒரு வகுப்பைத் தவறவிட்டான். அவ்வளவுதான், ஒழுங்கு கெட்டது என்று தள்ளிவிடுவார்கள் என்று நடுங்கினோம். மறுபடி விதிப்புத்தகம். ப்ரொபேஷனை ரத்து செய்ய நடவடிக்கை தொடங்கும் அளவுக்கு மீறல் இல்லையென்றால் ஒழுங்காக இருப்பதாகத்தான் பொருள். மூச்சு வந்தது. அடுத்த வகுப்புகளுக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே கிளம்பி, வாசலில் குளிரில் நின்றிருக்கிறான்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று அந்த மாதங்களில் எரிச்சலோடு தேடித் தேடிப் படித்தேன். மாநிலங்கள் இப்படி ஒப்பந்தம் போட்டுக்கொள்ள அமெரிக்க காங்கிரஸ் 1934-ல் அனுமதி கொடுத்திருக்கிறது. முதல் காம்பாக்ட் 1937-ல். 1951-க்குள் எல்லா மாநிலங்களும் சேர்ந்துவிட்டன. ஆனால் அது பல் இல்லாத கிழவி. யார் யாரை அனுப்புகிறார்கள் என்று ஒழுங்கான கணக்குகூட இல்லை. 1999-ல் டென்வரில் ஒரு கொலை நடந்தது. மேரிலாந்தில் கொள்ளைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவன் ஒருவனை டென்வரில் இருந்த போதை மறுவாழ்வு இல்லத்துக்கு அனுப்பியிருந்தார்கள். கொலராடோ அதிகாரிகளுக்கு முறையாகத் தெரிவிக்கவில்லை. பக்கத்தில் குடியிருந்த ஓர் இளம்பெண்ணை அவன் வீடு புகுந்து கொன்றுவிட்டான். அந்தப் பெண்ணின் அம்மா அதன் பிறகு மாநிலம் மாநிலமாகப் போய், இந்த ஏற்பாட்டை மாற்றச் சொல்லிப் பேசினார். புதிய காம்பாக்ட் 35 மாநிலங்கள் சட்டமாக்கினால்தான் நடைமுறைக்கு வரும் என்று இருந்தது. 35-ஆவதாக பென்சில்வேனியா சேர, 2002 ஜூன் 19 அன்று அமலுக்கு வந்தது. கென்டக்கியில் லெக்ஸிங்டனில் கமிஷனுக்கு அலுவலகம் வைத்து, மாநிலங்களைக் கட்டுப்படுத்தும் விதிகளைப் போட ஆரம்பித்தார்கள். இப்போதுள்ள கம்ப்யூட்டர் முறை 2008-ல்தான் வந்தது.

இதைப் படித்த பிறகு என் எரிச்சல் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் வகை மாறியது. விதியில் இன்னொன்றும் இருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கும் தகவல் போக வேண்டும். தன் பாதுகாப்பு பற்றிக் கவலை இருந்தால் அவர் பத்து வேலைநாளுக்குள் கருத்துச் சொல்லலாம். டெக்சாஸில் தொடையில் கம்பி வைத்துக்கொண்டு நடக்கிற அந்த மனிதருக்கு, 'உன்னை இடித்தவன் இன்னொரு மாநிலத்துக்குப் போகிறான்' என்று ஒரு கடிதம் போயிருக்கும். அதை அவர் எப்படிப் படித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். எங்களுக்கு அவன் தம்பி. அவருக்கு?

மே 11 வந்தது. அம்மா அன்று காலை எழுந்தவுடன் காலண்டர் தாளைக் கிழித்து என் கையில் கொடுத்தார். மே 15-ஆம் தேதி புதிய விண்ணப்பம் போனது. கூடவே, அம்மா இங்கே வசிக்கிறார் என்பதற்கு பாஸ்போர்ட் முத்திரை, மாநில அடையாள அட்டை, பல் டாக்டர் பில்கள். ஓர் ஒப்புதல் கடிதம்: என் தங்கை மகனை என்னோடு வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் நான் தட்டினேன், கீழே அம்மா தமிழில் கையெழுத்துப் போட்டார். சோறு போட வழி இருக்கிறதா என்பதற்கு என் கணவரின் சம்பளச் சீட்டு. தம்பி தன் பங்குக்கு ஒரு தாளில் கையெழுத்திட வேண்டியிருந்தது. டெக்சாஸ் திரும்பக் கூப்பிட்டால், என்னை அங்கே ஒப்படைக்கக் கூடாது என்று நீதிமன்றத்தில் எதிர்த்து வாதாடாமல் போவேன் என்பது அதன் சாரம். இதைப் பலபேர் படிக்காமல் போடுகிறார்கள். வேறு கையெழுத்து எதையும்விட அதற்குத்தான் கனம் அதிகம். இன்னொன்று, எங்கள் தம்பி அமெரிக்கக் குடிமகன். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் குற்றத்தை ஒத்துக்கொள்வதற்கு முன்னாலேயே குடியேற்ற வக்கீலைப் பார்த்துவிட வேண்டும். அந்தக் கதை வேறு, இதைவிடக் கொடுமையானது.

ஜூன் முதல் வாரத்தில் அதே ஆபீசர் வந்தார். இந்தத் தடவை கேள்வியெல்லாம் அம்மாவிடம். நான் மொழிபெயர்த்தேன். அவன் எத்தனை மணிக்குத் தூங்குவான், கோபம் வருமா, குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வீர்கள். கடைசிக் கேள்விக்கு அம்மா என்னைப் பார்த்து, "விளக்குமாத்தால அடிப்பேன்னு சொல்லு" என்றார். நான் "உடனே உங்களைக் கூப்பிடுவார்" என்று மொழிபெயர்த்தேன். அவர் சிரித்தார். ஏதோ புரிந்திருக்கிறது.

"வீட்டில் மது இருக்கிறதா?"

கராஜ் ஃப்ரிட்ஜில் இருந்த பீரைக் கணவர் முன்தினமே அப்புறப்படுத்தியிருந்தார். இல்லை என்று வாயைத் திறந்தவள் அப்படியே நின்றேன். அடுப்பு மேடை அலமாரியில் அம்மாவின் தசமூலாரிஷ்டம். முட்டி வலிக்கும் வாயுவுக்கும் தினமும் இரண்டு மூடி. அரிஷ்டம் புளிக்கவைத்துச் செய்வது, அதில் தானாக ஊறிய ஆல்கஹால் உண்டு, பாட்டிலிலேயே போட்டிருக்கும். எடுத்து வந்து காட்டினேன். அவர் லேபிளை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மவுத்வாஷ், இருமல் மருந்து, வனிலா எசன்ஸ் என்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார், இது அவருக்கே புதுசு. "அவர் இதைக் குடிக்காமல் இருந்தால் சரி, ஆனால் வெளியே இருப்பது நல்லது" என்றார். அம்மாவின் அரிஷ்டம் அன்றே எதிர்வீட்டு ஆந்திராக்காரம்மாவின் சமையலறைக்குக் குடிபெயர்ந்தது. அதற்கு 45 நாள் ஆகவில்லை. தினமும் சாயங்காலம் வாக்கிங் போகும்போது அம்மா அங்கே போய் இரண்டு மூடி குடித்துவிட்டு வருவார்.

ஜூன் 22-ஆம் தேதி, 38-ஆம் நாள், ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. வந்து யாரிடம், எங்கே ஆஜராக வேண்டும் என்ற விவரமும் அதிலேயே இருந்தது. ஏற்பு 120 நாளுக்குத்தான் செல்லும், அதற்குள் வந்து சேர வேண்டும். தம்பி பத்தே நாளில் வந்தான். அங்கே அவன் ஆபீசர் 'கிளம்பிவிட்டான்' என்று போட, இங்கே 'வந்துவிட்டான்' என்று போட்டார்கள். ராலி விமான நிலையத்தில் அம்மா அவனைக் கட்டிப்பிடிக்கவில்லை. "இளைச்சுட்டியே ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

வந்த பிறகுதான் இன்னொன்று புரிந்தது. மாடு இங்கே மேய்ந்தாலும் கயிறு அங்கேதான். எத்தனை வருடம் என்பதை நார்த் கரோலினா குறைக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது. முன்கூட்டியே முடித்து வைக்க வேண்டுமென்றால் டெக்சாஸ் நீதிபதியிடம்தான் போக வேண்டும். இழப்பீட்டுப் பணம் மாதாமாதம் டெக்சாஸ் கவுண்ட்டிக்குத்தான் போகிறது. ஆனால் எத்தனை தடவை ஆஜராக வேண்டும், எப்போது வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள் என்பதெல்லாம் இந்த ஊர் வழக்கப்படி. இங்கே தன் சொந்த ஆளை எப்படி நடத்துவார்களோ அப்படியே நடத்த வேண்டும் என்பது விதி. தப்பு செய்தால் இங்கிருந்து எழுதுவார்கள். பெரிய தப்பு என்றால் டெக்சாஸ் 15 வேலைநாளுக்குள் வாரண்ட் போட்டு, தன் செலவில் வந்து கூட்டிப்போக வேண்டும். தம்பி இதைத் தன் பாணியில், "அக்கா, நான் டெபுடேஷன்ல வந்திருக்கேன், சம்பளப் பட்டியல் டாலஸ்லதான்" என்பான்.

முதல் ஏழு மாதம் கிடங்கு ஒன்றில் பெட்டி அடுக்கினான். இப்போது ஒரு சின்னக் கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலை, முந்தைய சம்பளத்தில் பாதி. வழக்கைப் பற்றி முதல் பேச்சிலேயே சொல்லித்தான் சேர்ந்தான். போன வருடம் டர்ஹமில் தனி அபார்ட்மெண்ட் பார்த்துப் போய்விட்டான், அதையும் ஆபீசரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு.

இந்தக் கோடையில் என் பிள்ளைகள் கேரோவிண்ட்ஸ் போக வேண்டும் என்று அடம்பிடித்தார்கள், மாமாவும் கூட வர வேண்டுமாம். சார்லட்டில் இருக்கும் அந்த ராட்டின மைதானம் நார்த் கரோலினா, சவுத் கரோலினா இரண்டின் எல்லையிலும் உட்கார்ந்திருக்கிறது. எல்லைக்கோடு மைதானத்துக்கு நடுவே ஓடுகிறது. மாநிலத்தை விட்டு வெளியே போக அவனுக்கு அனுமதி வேண்டும். ஆபீசரிடம் கேட்டிருக்கிறான். அவர் முதலில் விளையாட்டு என்று நினைத்தாராம். அப்புறம் அவரும் யோசித்துவிட்டு, எதற்கு வம்பு என்று ஒரு நாள் பயண அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். போகுமிடம் என்ற இடத்தில் ராட்டின மைதானத்தின் பெயர்.

தரையில் கோட்டை அடையாளம் போட்டிருக்கும் இடத்தில் பிள்ளைகள் இரண்டு பக்கமும் குதித்துக் குதித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தம்பி கோட்டுக்கு இந்தப் பக்கம் ஷூ நுனியை வைத்து நின்றுகொண்டு, பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்த சீட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அம்மா வீல்சேரிலிருந்து எழுந்து, ஒரு காலை அந்தப் பக்கம், ஒரு காலை இந்தப் பக்கம் வைத்து நின்றார்.

"இம்புட்டுக் கோட்டுக்கா என்னைய ஆறு மாசம் கட்டிப்போட்டீங்க?"

"அது வேற கோடு பெரியம்மா" என்றான்.

அப்புறம் தண்ணீரில் சறுக்கும் ராட்டினத்துக்குப் பிள்ளைகள் அவனை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியில் திரும்பி வந்து, அந்தச் சீட்டை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனான், நனைந்துவிடும் என்று.